காற்றுக்கு வரப்பு ஏது?

களை மேல் எனக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம், களைக்கொல்லி டேங்கைத் தோளில் மாட்டிய அடுத்த நிமிடமே கண்ணு மண்ணு தெரியாமல் போகிற மனுஷர்கள் மேல்தான்.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் மானாவாரியைத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். புரட்டாசி மழையை நம்பி ஒருத்தர் பருத்தி ஊன்றுவார், அடுத்த கொல்லைக்காரர் மக்காச்சோளம் போடுவார். நடுவில் ஒரு முழ வரப்பு, அவ்வளவுதான். இந்த வருஷம் எனக்குப் பருத்தி, பங்காளிக்கு மக்காச்சோளம். அவர் கொல்லையில் சாரணை, தொய்யக்கீரை என்று அகல இலைக் களை மண்டிவிட்டதாம். நேராகக் கடைக்குப் போயிருக்கிறார். “2,4-டி களைக்கொல்லி வாங்கிட்டுப் போங்கண்ணே, சோளத்துக்கு ஒண்ணும் ஆகாது, அகல இலை அத்தனையும் காலி” என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைக்காரர் சொன்னதில் பொய் கிடையாது. புல் வகையான சோளம் அந்த மருந்தைத் தாங்கும், அகல இலைச் செடி தாங்காது. சரி, பருத்தி என்ன புல்லா? அதுவும் அகல இலைதானே! 2,4-டிக்குப் பருத்தி அளவுக்கு நடுங்குகிற பயிர் அதிகம் கிடையாது. பக்கத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று விற்றவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் என் பருத்தியின் கொழுந்து மாறிவிட்டது. அகலமாக விரிய வேண்டிய இலை வெண்டை இலை மாதிரி விரல் விரலாகப் பிளந்து, நரம்பெல்லாம் நெருங்கி நின்றது. நுனித்தண்டு முறுக்கிக்கொண்டது. சப்பை, அதாவது பூமொட்டு, பிடிக்கிற நேரம் பாருங்கள், பிடித்ததெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து கிடக்கிறது. வரப்பை ஒட்டிய சால்களில் படுமோசம், உள்ளே போகப் போகக் குறைவு. மருந்து எந்தப் பக்கமிருந்து வந்தது என்று செடியே காட்டிக்கொடுக்கிறது. ஆனால் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தர் வைரஸ் என்றார், இன்னொருத்தர் தத்துப்பூச்சி என்றார். இலையைக் கொண்டுபோய்க் காட்டிய கடையில் அதற்கும் ஒரு மருந்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்கள்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜை தப்பித்ததே பெரிய விஷயம்.

இந்த மருந்து செடியைப் பொசுக்கிக் கொல்வதில்லை. செடிக்குள் இயல்பாக ஊறும் வளர்ச்சி ஊக்கியைப் போல உள்ளே நுழைந்து, தாறுமாறாக வளரவிட்டுக் கொல்கிறது. அதனால் பருத்திக்குக் கொஞ்சம் சாரல் பட்டாலே போதும், கொழுந்து கோணிக்கொள்ளும். அதிலும் எஸ்டர் வகையாக இருந்துவிட்டால், அடித்து முடித்து ஆள் வீட்டுக்குப் போன பிறகும் வெயிலில் ஆவியாகி எழும்பி நகரும். சோடியம் உப்பு, அமைன் உப்பு வகைகள் அந்த அளவுக்கு ஆவியாகாது. எந்த வகை என்று லேபிளிலேயே போட்டிருக்கிறது. யார் படிக்கிறார்கள்? விலையைப் பார்ப்பார்கள், மூடியைத் திருகுவார்கள், ஊற்றுவார்கள்.

கேட்கப் போனால் பங்காளி சொல்கிறார், “காத்து என்ன என் கையிலயா இருக்கு தம்பி?”

காற்று உங்கள் கையில் இல்லைதான் அண்ணே. மருந்தைப் பீய்ச்சுகிற நாசில் உங்கள் கையில்தானே இருந்தது? மத்தியானக் காற்று வீசுகிற நேரமாகப் பார்த்து, பூச்சிமருந்து அடிக்கிற அதே நாசிலை மாட்டி, இடுப்புக்கு மேலே தூக்கிப் பிடித்துப் புகையாகப் பறக்கவிட்டது யார்? களைக்கொல்லிக்கென்று தட்டை விசிறி நாசில் தனியாக விற்கிறது. துளி பெரிதாக விழும், அவ்வளவு சீக்கிரம் பறக்காது. காலையில் காற்று அடங்கியிருக்கும்போது, தரைக்குப் பக்கத்தில் பிடித்து அடித்திருக்கலாம். வரப்போரம் நாலு சால் விட்டுவிட்டு, அங்கே மட்டும் கையால் கொத்தியிருக்கலாம்.

வாடகை ஸ்பிரேயர் கதை இன்னொன்று. நேற்று சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்த டேங்கில், இன்று பருத்திக்குப் பூச்சிமருந்து கலக்கிறார்கள். கேட்டால் “கழுவியாச்சு” என்பார்கள். வாய்க்கால் தண்ணீரில் ஒரு குலுக்கு, அதற்குப் பெயர் கழுவல். குழாயிலும் வாஷரிலும் ஒட்டியிருக்கிற மிச்சமே பருத்தியைச் சாய்க்கப் போதும். களைக்கொல்லிக்கு டேங்க் தனியாக வைத்திருங்கள் என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போனதுதான் மிச்சம்.

இத்தனைக்கும் ஊரில் கெட்ட பெயர் எனக்குத்தான். “உன் கொல்லை புல்லேறிக் கிடக்கே” என்பார்கள். பருத்தி முளைத்த முதல் 45, 60 நாள் களையை விட்டால் பயிர் எழும்பாது என்று எனக்கும் தெரியும். தழைச்சத்தைக் களைதான் முந்தி உறிஞ்சும். அந்தக் கெடுவுக்குள் கொத்தியும் பவர் வீடர் ஓட்டியும் எடுத்துவிடுகிறேன். அதற்கப்புறம் பருத்தி விரிந்து நிழல் கட்டிவிடும். காலடியில் தலைநீட்டுகிற நாலு பண்ணைக்கீரையைப் பெண்கள் பறித்துக்கொண்டு போய்க் கடைவார்கள். இதில் என்ன அசிங்கம்?

எந்தக் களை என்று குனிந்து பார்க்கிற ஆளே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாரணை விதையில் பெருகுகிறது. பூத்து விதை கொட்டும் முன் கொத்திவிட்டால் வேகம் அடங்கும். கோரை அப்படி இல்லை. மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகச் சங்கிலி கோத்து வைத்திருக்கும். மேல் கிழங்கு முளைத்து நிற்கும்வரை கீழே உள்ளவை பெரும்பாலும் உறங்கும். மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரை விட்டுச் சங்கிலியை நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக முளைக்கும். இவர்கள் நறுக்கியும் விடுகிறார்கள், அப்புறம் “கோரை சாகவே மாட்டேங்குது” என்று அதன் மேல் 2,4-டியும் ஊற்றுகிறார்கள். மேலே கருகும், கிழங்கு அப்படியே இருக்கும். சித்திரை வெயிலில் ஆழ உழுது கிழங்கைப் புரட்டிக் காயப்போடுங்கள், தட்டைப்பயறு விதைத்து நிழல் கட்டுங்கள் என்றால் சிரிக்கிறார்கள்.

வரப்பையும் விட்டுவைப்பதில்லை. கிளைபோசேட் என்கிற களைக்கொல்லியை அடித்து அருகம்புல்லைக் கூடப் பொசுக்கி வைத்திருக்கிறார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டு வேலைக்காரர்கள் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்கை போட்டது. அப்படி ஒரு ஆளை எங்கள் வரப்பில் நான் பார்த்ததே இல்லை. ஐப்பசியில் கொட்டிய மழைக்கு, வேர்ப்பிடிப்பு இல்லாத அந்த வரப்பு கரைந்து பாதி மண் ஓடையில் போய்விட்டது. ஆட்டுக்குப் புல்லும் போச்சு.

களை வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்கிறார்களே, அது உண்மை. நானும் வீடு வீடாக நடையாய் நடக்கிறேன். ஆள் பஞ்சம் மருந்தடிப்பதற்குக் காரணம் ஆகலாம், அடுத்தவன் கொல்லையில் அடிப்பதற்கு ஆகுமா?

பஞ்சாயத்து வைத்தேன். நாலு பெரியவர்கள் வந்து கோணிய இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், தீர்ப்புச் சொன்னார்கள்: “அடுத்த தடவை அடிக்கிறப்ப முன்கூட்டியே சொல்லிடுவான், விடுப்பா.”

சொல்லிவிட்டு அடித்தால்? பருத்தி எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுமா?