அண்ணனுக்கு ஒரு வயது

"குடிக்காம இருக்கிறதுக்கெல்லாமா கேக் வெட்டுவாங்க? நாங்களும்தான் குடிக்கலை, எங்களுக்கு யாரு வெட்டினா?"

அண்ணன் குடியை விட்டு ஒரு வருடம் முடிந்த அன்று, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு ஒரு சொந்தக்காரர் போன் போட்டுக் கேட்டது இது. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது இரண்டாவது வருடமே நெருங்கிவிட்டது, இனியாவது சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் மட்டும் விட்டுவிடுகிறேன், அவர் போகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அமைப்பு) கூட்டத்தின் வழக்கம் அது.

குடிக்காதவருக்குக் குடிக்காத நாள் என்பது வெறும் நாள். குடிநோயாளிக்கு அப்படி இல்லை. வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றலும் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவதும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் மருத்துவமனையில் வைத்து நிறுத்தச் சொல்கிறார்கள். அண்ணன் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று போர்வையை உதறிக்கொண்டே இருந்த அந்த ராத்திரி நான் பக்கத்தில் இருந்தேன். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சட்டையில்தான் கொட்டியது. ஐந்தாம் நாள் ஒரு சொட்டு சிந்தாமல் காபி குடித்தார். என்னைக் கேட்டால் அன்றைக்கே ஒரு கேக் வெட்டியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு கணக்கு ஆரம்பிக்கிறது. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வேலைக்குப் போகிற வழியில் ஒன்று, திரும்புகிற வழியில் ஒன்று. 'இன்று ஒரு நாள் மட்டும்' என்று கூட்டத்தில் சொல்வார்களே, அதை அந்தப் பத்து மணி நேரம் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். இரவு 10 மணி தாண்டியதும் அண்ணியின் முகத்தில் தெரியும் நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"மாலை போட்டா 48 நாள் சுத்தமா இருக்கான்ல, மனசு வச்சா முடியாதா?" இதுவும் அடிக்கடி காதில் விழுகிறது. எங்கள் அண்ணனும் மூன்று முறை மாலை போட்டவர்தான். மூன்று முறையும் மண்டலம் முழுக்க ஒரு சொட்டு தொடவில்லை, மூன்று முறையும் மலையிலிருந்து இறங்கி வந்த வாரமே பழைய கதை. ரொம்ப நாள் நானும் அதை மன உறுதி சம்பந்தப்பட்டது என்றுதான் நினைத்திருந்தேன். யோசித்துப் பாருங்கள், அந்த 48 நாளும் தெருவே அவரைச் சாமி என்று கூப்பிடுகிறது, குடிக்கக் கூப்பிடுகிற நண்பனே கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போகிறான், வீட்டில் சமையல் மாறுகிறது, காலையும் மாலையும் கூட நின்று சரணம் சொல்ல ஆள் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நாள் கணக்கு இருக்கிறது. மாலையைக் கழற்றிய அன்று இத்தனையும் ஒரே நேரத்தில் நின்றுவிடுகிறது. மறுநாள் காலை அவர் வெறும் ஆள். கணக்கும் இல்லை, கேட்க நாதியும் இல்லை. 30 நாள், 90 நாள், ஆறு மாதம், ஒரு வருடம் என்று கூட்டத்தில் கை தட்டிப் பதக்கம் மாதிரி ஒரு காசு கொடுக்கிறார்களே, அது கழற்றாத மாலை என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசி நாள் என்று ஒன்று இல்லாத விரதம் அது, நடுநடுவே யாராவது கை தட்டினால்தான் தாங்கும்.

அந்தக் காசுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் புனித தாமஸ் மருத்துவமனையில் சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி 1939இல் குடிநோயாளிகளைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தார். குணமாகிப் போகிறவர்கள் கையில் ஒரு சின்னப் பதக்கம் கொடுப்பார். திரும்பக் குடிப்பதென்று முடிவு செய்தால், முதல் வாய் குடிக்கும் முன் இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எவ்வளவு தெரிந்த மனுஷி! சத்தியத்தை மீறுவது சுலபம், ஒருவர் முகத்தைப் பார்த்து அதைத் திருப்பிக் கொடுப்பது கஷ்டம்.

சரி, குடித்துவிட்டால்? அண்ணன் முதல் தடவை 94 நாள் இருந்தார். 90ஆம் நாளுக்கு அம்மா கேசரி செய்யலாம் என்றபோது, வேண்டாம் கண்ணு பட்டுடும் என்று தடுத்தது நான்தான். நாலாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வந்தார். "தெரியும், இது இப்படித்தான் முடியும்னு" என்று வாசலிலேயே சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். அவர் பர்ஸிலிருந்து அந்தக் காசை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஏன் குடிச்சே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "94 நாள் எப்படி இருந்தே? அதை முதல்ல சொல்லு" என்றார். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பிறந்த தேதியே ஒரு சறுக்கலுக்குப் பிறகு வந்ததுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதைத் தொடங்கிய இருவரில் டாக்டர் பாப் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவர். 1935 மே மாதம் இன்னொருவரான பில்லைச் சந்தித்த பிறகு சில வாரம் குடிக்காமல் இருந்தார், மருத்துவர் மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். திரும்பி வந்து கடைசியாகக் குடித்த நாள் ஜூன் 10. அதைத்தான் இன்றுவரை அமைப்பின் பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம், ஆனால் அந்த 94 நாளில் அவர் கற்றுக்கொண்டது எங்கேயும் போகவில்லை. எல்லாம் போச்சு என்று சொல்லி அதைப் போக வைப்பது வீட்டில் இருக்கிற நாம்தான்.

இன்னொன்று, இது பிள்ளை பிறந்தாலும் வேலை கிடைத்தாலும் சாவு விழுந்தாலும் பாட்டில் திறக்கிற ஊர். அண்ணனுக்கு ஆறு மாதம் முடிந்தபோது "மச்சான், ஆறு மாசமாச்சு, ஒரே ஒரு பீர், ஒண்ணும் ஆகாது" என்று பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். நாம் ஒரு விழா வைக்கவில்லை என்றால் அவர்கள் வைப்பார்கள். அதனால் கேசரியோ பிரியாணியோ நாம் முந்திக்கொள்வது நல்லது.

விழா அண்ணனுக்கு மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தவர். அங்கே குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. எங்கள் அண்ணியை மட்டும் யாராவது ஒரு நாள் கை தட்டி மேடைக்குக் கூப்பிட்டிருப்பார்களா என்று யோசிப்பேன். கூப்பிட்டார்கள், முதல் பிறந்தநாள் அன்று. காசை அண்ணன் கையில் கொடுக்க அண்ணியைத்தான் அழைத்தார்கள். அவர் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பெரிய மகள் பென்சிலால் எண் போட்டிருக்கிறாள், 1, 2, 3 என்று. 41க்குப் பக்கத்தில் 'அப்பா ஸ்கூலுக்கு வந்தாங்க' என்று எழுதியிருந்தது. அண்ணன் அந்தத் தாளைப் படித்துவிட்டு மைக் முன்னால் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

என்னிடம் கேள்வி கேட்ட சொந்தக்காரரையும் அடுத்த மாதம் கூப்பிட்டிருக்கிறேன். கேசரி இந்தத் தடவை நான் செய்கிறேன். 30 நாள், 90 நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிற யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று கேளுங்கள். இன்னும் எண்ணவே ஆரம்பிக்கவில்லை என்றால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், இலவசம்தான்.