கருகின எழுத்து

அப்பாவுக்கு 71 வயது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் காபி குடித்ததும் கணினி முன்னால் உட்கார்ந்து நாலைந்து செய்தித் தளங்களை வாசித்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது கணினி மேல் துண்டு போர்த்திக் கிடந்தது, பக்கத்தில் அன்றைய பேப்பர். ஏன்ப்பா, கணினி ஓடலையா என்று கேட்டேன்.

"ஓடுது ஓடுது. எழுத்துதான் கருகின மாதிரி இருக்கு. பத்து நிமிஷம் பார்த்தா கண்ணு வலிக்குது."

எத்தனை நாளாக என்றேன். "ஆரம்பத்திலேர்ந்தே அப்படித்தான். நீ வேலையா இருப்பே, இதுக்கெல்லாம் எதுக்குக் கூப்பிடணும்னு விட்டுட்டேன்" என்றார்.

அந்த "இதுக்கெல்லாம் எதுக்கு" என்ற வார்த்தை என்னை விடவே இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

லினக்ஸை விட்டுப் போகிறவர்கள் ஏதோ பெரிய கோளாறு வந்துதான் போகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்குத் தெரிந்து போனவர்கள் யாரும் அப்படிப் போகவில்லை. கணினி கிளம்பவே இல்லையென்றால் போன் செய்வார்கள், நாமும் ஓடிப்போய்ச் சரிசெய்துவிடுவோம். திரை ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டுத் தெரிகிறது, எழுத்து மங்கலாக இருக்கிறது, பக்கத்தை நகர்த்தினால் நடுவில் கோடு விழுகிறது என்றால் யாரும் போன் செய்வதில்லை. பொறுத்துக்கொள்கிறார்கள். ஒருநாள் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். எட்டு மணி நேரம் கண் பார்த்துக்கொண்டிருக்கிற பரப்பில் இருக்கும் குறையைச் சின்னக் குறை என்று நான் இனி சொல்ல மாட்டேன்.

அப்பாவின் திரைக்கு வருகிறேன். முதல் நாள் முழுக்க நான் தப்பான இடத்தில் தேடினேன். வெளிச்சத்தைக் குறைத்தேன், கூட்டினேன். எழுத்துரு செட்டிங்ஸில் இருக்கிற மழமழப்பு, ஹின்டிங் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். மானிட்டரின் சொந்த மெனுவில் போய் ஷார்ப்னெஸைக்கூடத் திருகினேன். எதற்கும் மசியவில்லை. ராத்திரிதான் தோன்றியது, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் போனுக்கு அனுப்பிப் பார்க்கலாமே என்று. பார்த்தால் போனிலும் அதே கருகல்.

இந்த ஒரு சோதனையை எல்லாரும் பழகிக்கொள்ள வேண்டும். ஸ்கிரீன்ஷாட் என்பது கணினி தன் நினைவகத்தில் வரைந்து வைத்த படம். அது இன்னும் கேபிளுக்குள் போகவில்லை, மானிட்டரைத் தொடவில்லை. குறை ஸ்கிரீன்ஷாட்டிலும் தெரிந்தால் எழுத்துரு, அளவு, டெஸ்க்டாப் அல்லது அந்தச் செயலி, இவற்றில் ஏதோ ஒன்றில்தான் கோளாறு. ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்து, கண்ணுக்கு மட்டும் குறை தெரிந்தால் டிரைவர், கேபிள், மானிட்டர் பக்கம் போக வேண்டும். அடுத்ததாக மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். அந்த மெனுவும் சேர்ந்து நடுங்கினால் லினக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு நிமிட வேலை. என் ஒரு நாளை இது மிச்சப்படுத்தியிருக்கும்.

சரி, ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செய்தியின் உள்வரிகள் நன்றாகத்தான் இருந்தன. தலைப்புகள் மட்டும் கருகியிருந்தன. அப்பா பக்கத்தில் வந்து நின்று விரலால் காட்டினார். "இதைப் பார், மூணு சுழி ண எது, ரெண்டு சுழி ன எதுன்னு தெரியுதா?" உண்மையிலேயே தெரியவில்லை. சுழிக்குள் இருக்கிற வெள்ளை அடைத்துக்கொண்டு வெறும் கறுப்பு உருண்டையாக நின்றது. மெய்யெழுத்தின் புள்ளி கீழே இருக்கிற எழுத்தோடு ஒட்டியிருந்தது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு ணகர னகர வேறுபாடு சொல்லிக்கொடுத்த மனுஷர். அவர் கண் அதைத் தேடித் தேடித்தான் வலித்திருக்கிறது.

கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற டெர்மினலில் எஃப்சி-மேட்ச் என்று ஒரு கமாண்ட் உண்டு. தமிழுக்கு எந்த எழுத்துருவை எடுக்கிறாய் என்று அதனிடம் கேட்டால் சொல்லும். லோஹித் தமிழ் என்றது. லோஹித் மோசமான எழுத்துரு இல்லை, லினக்ஸில் தமிழைப் பல வருடம் சுமந்தது அது. ஆனால் அதில் சாதாரணத் தடிமன் ஒன்று மட்டும்தான் உண்டு, தடித்த எழுத்தென்று தனியாக வரைந்து வைக்கவில்லை. தலைப்புக்குத் தடித்த எழுத்து வேண்டுமென்று வலைப்பக்கம் கேட்கிறபோது, கணினி இருக்கிற எழுத்தின் கோடுகளையே ஊதிப் பெருக்கித் தருகிறது. ஆங்கிலத்தின் எல், டி மாதிரி நேர்கோட்டு எழுத்துகள் அதைத் தாங்கிக்கொள்ளும். சுழியும் வளைவுமாக இருக்கிற நம் ண, ஞ, இ, ஐ தாங்காது.

நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவினேன். மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிமன்களில் தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். அப்புறம் ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் எழுத்துருப் பகுதிக்குப் போய், மேம்பட்ட அமைப்பில் மொழியைத் தமிழ் என்று மாற்றி, அங்கே இதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த மொழிப் பட்டியல் அங்கே இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. ஆங்கிலத்துக்கான எழுத்துருவை மாற்றிவிட்டு, தமிழ் மாறவில்லையே என்று கைவிட்டுவிடுகிறார்கள். உலாவியை முழுசாக மூடித் திறந்ததும் சுழிகள் திறந்துகொண்டன. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் சாப்பிடக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.

இன்னொன்றும் அவருக்குச் செய்தேன். எழுத்து சிறியதாக இருக்கிறதென்று ஏற்கெனவே திரை அளவை 125 சதவீதம் ஆக்கி வைத்திருந்தேன். அது என் தப்பு. லினக்ஸில் திரைக்குப் படம் அனுப்புகிற முறைகள் இரண்டு, அவர் கணினி அதில் பழையதான எக்ஸ்11 முறையில் ஓடுகிறது. அங்கே 125 என்று கேட்டால், எல்லாவற்றையும் முதலில் இரண்டு மடங்காக வரைந்து, அப்புறம் முழுப் படத்தையும் சுருக்கித் திரைக்குத் தருகிறார்கள். கூர்மையும் போகும், பழைய கணினி மூச்சும் வாங்கும். அதை 100க்கே திருப்பிவிட்டு, எழுத்துருப் பக்கத்தில் இருக்கிற எழுத்து அளவுப் பெருக்கத்தை மட்டும் 1.2 ஆக்கினேன். ஐகான்கள் அப்படியே இருக்கும், எழுத்து மட்டும் கூர்மை கெடாமல் வளரும். வயதானவர்களுக்குக் கணினி அமைத்துக் கொடுக்கிறவர்கள் முதலில் இதைச் செய்துவிட்டு, போதவில்லையென்றால் திரை அளவுக்குப் போகலாம்.

கோளாறு ஸ்கிரீன்ஷாட்டுக்கு வெளியே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். நண்பர் ஒருவர் டியூஷன் சென்டர் நடத்துகிறார். பழைய கணினி, புதிதாக வாங்கிய 22 அங்குல மானிட்டர், விஜிஏ கேபிள். ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலியில் வட்டம் போட்டால் முட்டை மாதிரி அகலமாகத் தெரிகிறது. மூன்று வாரம் அந்த முட்டையை வைத்துக்கொண்டே பிள்ளைகளுக்கு ஆரம் நடத்தியிருக்கிறார். ஒருவர் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கச் சொன்னாராம். இன்னொருவர் வேறு லினக்ஸ் போடச் சொன்னாராம்.

திரை அளவைப் பார்த்தேன், 1024க்கு 768. பட்டியலில் அதற்கு மேல் எதுவுமே இல்லை. அந்த எண்ணைப் பார்த்ததும் பாதி விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு மானிட்டரும் தன்னைப் பற்றிய ஒரு சின்னக் குறிப்பை வைத்திருக்கும். இடிஐடி என்பார்கள், அதன் அடிப்படைப் பகுதி 128 பைட்தான். நான் யார், என்னால் எந்தெந்த அளவில் காட்ட முடியும் என்று கணினிக்கு அது சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பு வந்து சேராவிட்டால், வம்பு வேண்டாமென்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் 1024க்கு 768ஓடு நின்றுகொள்கிறது. 4:3 படத்தை 16:9 திரையில் இழுத்துப் பரப்பினால் வட்டம் முட்டையாகாமல் என்ன செய்யும்?

விஜிஏ இணைப்பில் 15 முனைகள், ஐந்தைந்தாக மூன்று வரிசை. அந்தக் குறிப்பு 12, 15 என்ற இரண்டு முனைகள் வழியாகத்தான் போகிறது. கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்றாவது வரிசையில் இரண்டாவது முனை இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டை. நிறத்தைக் கொண்டுபோகும் முனைகள் மேல் வரிசையில் ஒழுங்காக இருந்ததால் படம் வந்துகொண்டே இருந்தது, யாருக்கும் கேபிள் மேல் சந்தேகம் வரவில்லை. என் வீட்டுப் பரணில் கிடந்த ஒரு பழைய கேபிளை மாட்டினோம், 1920க்கு 1080 தானாக வந்தது, வட்டம் வட்டமாக நின்றது. (ஒன்பதாவது முனை இல்லாத கேபிள்களும் நிறைய உண்டு. அது மட்டும் இல்லையென்றால் பெரும்பாலும் பயமில்லை.)

கேபிள் கிடைக்காத இடத்தில் எக்ஸ்11 ஓடினால் வேறு வழியும் உண்டு. சிவிடி என்ற கமாண்டிடம் 1920 1080 60 என்று கொடுத்தால் 173.00 என்று தொடங்கும் எண்களோடு ஒரு நீள வரி தரும். அதை, திரை அமைப்பை மாற்றுகிற எக்ஸ்ராண்டர் என்ற கமாண்டிடம் புதிய அளவாகச் சேர்க்கச் சொல்லிவிட்டு அந்த இணைப்பில் போட வேண்டும். வெளியேறி உள்ளே வந்தால் மறந்துவிடும், அதனால் உள்நுழையும்போது தானாக ஓடும்படி எழுதி வைக்க வேண்டும். ஆனால் கேபிள் மாற்ற முடிந்தால் கேபிளையே மாற்றுங்கள்.

டிவியை மானிட்டராக வைத்திருப்பவர்களுக்கு இரண்டு தொல்லை சேர்ந்தே வரும். ஓரம் வெட்டுப்படுவது டிவியின் வேலை. பழைய டிவி காலத்துப் பழக்கம், படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை மறைக்கும். டிவி ரிமோட்டில் பட அளவை உள்ளது உள்ளபடி காட்டும்படி மாற்றினாலோ, அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு பிசி என்று பெயர் வைத்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். கறுப்பு சாம்பலாக வெளுத்துத் தெரிந்தால் அது வேறு. இன்டெல் கிராஃபிக்ஸ், இது டிவி அளவு என்று எண்ணி 0 முதல் 255 வரை அனுப்ப வேண்டிய நிறத்தை 16 முதல் 235க்குள் சுருக்கி அனுப்புகிறது. எக்ஸ்11இல் எக்ஸ்ராண்டர் வழியாக பிராட்காஸ்ட் ஆர்ஜிபி என்ற அமைப்பை முழு அளவுக்கு மாற்றினால் கறுப்பு கறுப்பாகும்.

என் மடிக்கணினியில் வேறு மாதிரி. படிக்கும்போது, எதையும் தொடாமல் இருந்தால் மட்டும், திரை இமைப்பது போல ஒரு துடிப்பு. மவுஸை அசைத்தால் நின்றுவிடும். பேனல் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு சர்வீஸ் கடையில் சொல்லியே விட்டார்கள். சும்மா இருக்கும்போது மட்டும் வருகிறதே என்பதுதான் எனக்கு உறுத்தியது. மின்சாரம் மிச்சம் பிடிக்க, படம் மாறாதபோது திரை தன்னிடம் இருக்கும் படத்தையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொள்ளும் வசதி ஒன்று இன்டெலில் உண்டு. சில பேனல்களோடு அது ஒத்துப்போவதில்லை. கணினி கிளம்பும்போது வருகிற கிரப் மெனுவில் ஆங்கில ஈ விசையை அழுத்தி, கர்னல் வரியின் கடைசியில் ஐ915 புள்ளி எனேபிள் அடிக்கோடு பிஎஸ்ஆர் சமம் 0 என்று சேர்த்துக் கிளப்பினேன். துடிப்பு இல்லை. இப்படிச் சேர்ப்பது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான், மறுபடி கிளப்பினால் பழையபடி ஆகிவிடும். அதனால் பயப்படாமல் சோதிக்கலாம். ஒரு வாரம் இப்படியே கிளப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் நிரந்தரமாக எழுதி வைத்தேன்.

பக்கம் நகரும்போது விழும் கோட்டுக்கு என் யோசனை சுருக்கமானது. உள்நுழையும் திரையில், எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலண்ட் அமர்வு இருந்தால் அதில் ஒருமுறை போய்ப் பாருங்கள். எக்ஸ்11 1987இல் வந்தது. 2008இல் தொடங்கிய வேலண்ட், அரைகுறைப் படம் திரைக்குப் போகவே கூடாது என்ற எண்ணத்தோடு கட்டப்பட்டது. அங்கே கோடு இல்லையென்றால் அங்கேயே இருந்துவிடலாம்.

இப்போது உதவி செய்கிற நம்மைப் பற்றி. "எனக்கு நல்லாத்தானே வருது" என்பதை நாம் ஒரு பதிலாகச் சொல்லக் கூடாது. கேட்டவரின் மானிட்டர் வேறு, கேபிள் வேறு, கண்ணும் வேறு. அதேபோல் எடுத்த எடுப்பில் வேறு லினக்ஸ் போடு என்று சொல்வதும் தப்பு. டியூஷன் சென்டரில் அந்தக் கேபிளோடு எத்தனை லினக்ஸ் மாற்றினாலும் முட்டை முட்டையாகத்தான் இருந்திருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், மாற்றியதை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்பா வீட்டில் முதல் நாள் நான் திருகிய ஷார்ப்னெஸ் முன்பு எவ்வளவு இருந்ததென்று எனக்கு இன்னும் நினைவில்லை.

யாருக்காவது கணினி அமைத்துக் கொடுத்திருந்தால், இந்த வாரம் ஒரு போன் போட்டு "ஓடுதா" என்று கேட்காமல் "படிக்க நல்லா இருக்கா, கண்ணு வலிக்குதா" என்று கேளுங்கள். உங்கள் திரையிலேயே ஏதாவது உறுத்தினால் கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்த வரை பார்க்கிறேன். எழுதும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட்டும், அதே இடத்தைப் போனில் எடுத்த ஒரு படமும் சேர்த்துப் போடுங்கள்.