அந்த நோட்டுக் கட்டுகளை யார் தூக்கியிருக்க வேண்டும்?

அந்த நாற்பது விநாடிக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு மட்டும் ஏழு பேர் அனுப்பினார்கள். பள்ளி வாசலில் வேன், எட்டாம் வகுப்புப் பையன்கள் நால்வர், தலையில் நோட்டுக் கட்டுகள், பின்னாலிருந்து கொதிக்கிற ஒரு குரல். பிள்ளைகளைச் சுமக்க வைத்தார் என்று மாலைக்குள் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை பணியிடை நீக்கம். நீதி இவ்வளவு வேகமாக நடக்கிற நாட்டில்தான் என் பள்ளிக் கழிப்பறைக் குழாய்க்காக ஒன்றரை ஆண்டாக மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவரை எனக்குத் தெரியாது, வேறு மாவட்டம். ஆனால் அந்த வேனை எனக்கு நன்றாகத் தெரியும். வாசலோடு நின்றுவிடும். ஓட்டுநரையும் குறை சொல்ல முடியாது, அன்றைக்கே இன்னும் எத்தனையோ பள்ளிகளுக்குப் போகவேண்டும். ஆகவே ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தக் கட்டுகளை யார் தூக்கியிருக்க வேண்டும்?

நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. ஒன்று முதல் எட்டு வரை 142 பிள்ளைகள். என்னிடம் எழுத்தர் இல்லை, அலுவலக உதவியாளர் இல்லை, காவலர் இல்லை. மணி அடிப்பது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. (அதையும் யாராவது படம் பிடித்துவிடாதீர்கள்.) 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் படியுங்கள். ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆண்டுக்கு 220 வேலை நாள் என்று எல்லாம் இருக்கிறது. அறையைப் பற்றியும் இருக்கிறது: அலுவலகம், பண்டகசாலை, தலைமை ஆசிரியர் அறை மூன்றுக்கும் சேர்த்து ஒரே அறை. பண்டகசாலைக்குள் என்னை உட்கார வைத்த சட்டம், பண்டம் வந்தால் இறக்கி வைக்கிறவர் யார் என்று எழுத மறந்துவிட்டது.

என் நாற்காலிக்கு வலப்பக்கம் காலணிப் பெட்டிகள், இடப்பக்கம் சீருடை மூட்டை. போன ஆண்டு பதினொரு பிள்ளைகளுக்குக் காலணி அளவு மாறி வந்தது. என் ஸ்கூட்டரில் முன்னால் நான்கு பெட்டி, பின்னால் ஏழு பெட்டி கட்டிக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போய் மாற்றி வந்தேன். ஒரு பையனுக்கு மட்டும் எங்குமே அளவு கிடைக்கவில்லை. செருப்போடுதான் வந்தான். பார்வைக்கு வந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, அவன் ஏன் ஷூ போடவில்லை என்பதுதான்.

"கூலிக்கு ஆள் வைக்க வேண்டியதுதானே, லட்ச ரூபாய் சம்பளம் வாங்குகிறீர்களே" என்று கேட்பீர்கள். வாங்குகிறேன், மறைக்கவில்லை. ஆளும் வைத்திருக்கிறேன், என் கைக்காசில், பல முறை. சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன், சொல்ல வைத்துவிட்டீர்கள். பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. 101 முதல் 250 பிள்ளைகள் வரை இருக்கிற பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. மீதியில் சுண்ணக்கட்டி முதல் மின்விசிறி பழுதுவரை. ஒரு முறை அதில் இறக்குகூலி 600 ரூபாய் எழுதினேன். தணிக்கைக்கு வந்தவர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பார்வையில், அடுத்த முறை முதல் என் பணப்பையைத்தான் திறக்கிறேன்.

"உங்கள் பிள்ளையை இப்படித் தூக்க விடுவீர்களா? உங்கள் பிள்ளை எங்கே படித்தது?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. இன்றைக்குச் சொல்வதாக இல்லை.

ஆம், என் பள்ளியிலும் பிள்ளைகள் கட்டுத் தூக்கியிருக்கிறார்கள். வேன் சத்தம் கேட்டால் கணக்கு வகுப்பிலிருந்து தப்பிக்க "நான் டீச்சர், நான் டீச்சர்" என்று போட்டி போடுவார்கள். அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்பது நியாயமாகாது, தெரியும். ஆனால் எந்தப் பிள்ளை தூக்கியது, எந்தத் தெருப் பிள்ளை என்று கேட்கிறவர்களிடம் நான் வாதாட மாட்டேன். துடைப்பமும் கழிப்பறை வாளியும் எந்தத் தெருப் பிள்ளைகள் கைக்குப் போகும் என்பதை இடைநிலை ஆசிரியையாக இருந்த காலத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அப்படிச் செய்கிற தலைமை ஆசிரியரை வழக்குப் போட்டு உள்ளே தள்ளுங்கள், நானே சாட்சி சொல்ல வருகிறேன். இது அதுவல்ல. இது மழைக்கு முன்னால் நோட்டை உள்ளே எடுத்துவைத்த கதை.

பிள்ளைகள்மேல் அத்தனை அக்கறை இருக்கிறவர்கள் ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு என் பள்ளிக்கு வாருங்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. நல்ல திட்டம், குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைதான். நடுநிலைப் பள்ளியில் ஒரே வளாகத்துக்குள் ஐந்தும் இருக்கிறது, ஆறும் இருக்கிறது. போன ஆண்டுவரை தம்பியோடு உட்கார்ந்து சாப்பிட்ட பெண் இந்த ஆண்டு ஆறாம் வகுப்பு. தம்பியைக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு, பொங்கல் தட்டுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, கை கழுவும் குழாயடியில் அவன் புத்தகப் பையைப் பிடித்தபடி நிற்பாள். தட்டுக் கணக்கை நான் சரியாகக் காட்டியாக வேண்டும். அதற்குமேல் நான் என்ன செய்கிறேன் என்பதை இங்கே எழுதினால் எனக்கும் ஓர் உத்தரவு வரும். அவளை யாரும் படம் எடுக்கவில்லை. அவள் தலையில் கட்டு எதுவும் இல்லை அல்லவா.

இவ்வளவு நீளமாக எழுத வைத்தது காணொளி அல்ல. அதை அனுப்பிய ஏழாவது ஆள்.

என்னிடம் ஆறிலிருந்து எட்டு வரை படித்தவன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். மறுநாள் கடைசி நாள் என்று இரவு எட்டரைக்கு அப்பாவோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். பள்ளியைத் திறந்தோம், மின்சாரம் இல்லை. அவன் அப்பா கைப்பேசி விளக்கைப் பிடிக்க, கரையான் ஓரம் தின்ற சேர்க்கைப் பதிவேட்டில் அவன் எண்ணைத் தேடினேன். முத்திரைப் பெட்டி காய்ந்து கிடந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்தினேன். சான்றிதழை வாங்கிக்கொண்டு காலைத் தொட வந்தான், தடுத்துவிட்டேன்.

இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். காணொளிக்கு மேலே அவன் எழுதியிருந்தது: "இவர்களுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடா?" பொதுவாக எழுதியதுதானாம். உங்களைச் சொல்லவில்லை டீச்சர் என்று பிறகு தனியாக ஒரு செய்தி, கும்பிடும் கைகளோடு. நான் பதில் போடவில்லை. அந்த இரவு பதிவேடுகளை எடுத்துக்கொடுக்க எனக்கு உதவியாளர் இருந்தாரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

மாலை வட்டார வள மையத்திலிருந்து அழைப்பு. நாளைக் காலை ஒன்பதரைக்கு இரண்டாம் பருவப் புத்தகம் வருகிறதாம். "காணொளி விவகாரம் தெரியும் அல்லவா டீச்சர், பிள்ளைகளை விடாதீர்கள், ஆள் வைத்து இறக்கிக்கொள்ளுங்கள்." எந்த ஆள் என்று கேட்டேன். சிரித்தார். என் கணவர் விடுப்புச் சொல்லிவிட்டார். பால்காரர் மகனும் வருகிறேன் என்றிருக்கிறான். படம் எடுக்கிறவர்கள் ஒன்பது மணிக்கே வந்துவிட்டால், ஆளுக்கு இரண்டு கட்டு.