பாசி மரத்தோட சாறை உறிஞ்சுதா?

மேல இருக்கிற பதிவுல ஒருத்தர், மழைக்கு அப்புறம் பினாங்குக் கொடிமலை ஏறும்போது மரத்துல அப்பியிருக்கிற பச்சைப் பாசி சாறை உறிஞ்சி மரத்தைக் கொல்லுது, பார்த்தா சுரண்டி எடுங்கன்னு போட்டிருக்காரு. நல்ல எண்ணத்துலதான் சொல்றாரு, ஆனா அது சரியில்லைங்க. பாசிக்கு உண்மையான வேரே கிடையாது, அடியில இருக்கிற முடி மாதிரி இழைங்க பட்டையைப் பிடிச்சுக்க மட்டும்தான், மரத்துக்குள்ள போகாது. தண்ணியை இலை வழியா மழையிலயும் பனிமூட்டத்துலயும் இருந்தே எடுத்துக்கும், சாப்பாட்டை வெயிலை வச்சு அதுவே பண்ணிக்கும். சாறு உறிஞ்சுறது புல்லுருவி, அது வேற கதை.

நம்பலன்னா மலைப்பாதை ஆரம்பிக்கிற மூன்கேட் பக்கம் ஏறும்போது பாருங்க, அதே மாதிரி பாசி பாறையிலயும் பழைய சிமெண்டு சுவத்துலயும் இருக்கும், அங்க எந்தச் சாறு இருக்கு? இன்னொன்னு, கீழே உதிர்ந்து கிடக்கிற காய்ஞ்ச பாசித் துண்டு ஒன்னை உள்ளங்கையில வச்சு ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க, சுருண்டு கிடந்த குட்டி இலையெல்லாம் கொஞ்ச நேரத்துலயே விரிஞ்சு பச்சையாயிடும், மரமே இல்லாம. லென்ஸ் இருந்தா அடியில இருக்கிற பழுப்பு இழையும் தெரியும்.

சுரண்டினா பட்டைதான் காயம்படும். நானே சின்ன வயசுல வீட்டு ரம்புத்தான் மரத்துல கத்தி போட்டு, தாத்தாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவன்தான். 😅