பழைய செங்கலுக்கு சிமெண்ட் பாயிண்டிங் வேண்டாம்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஹெர்மன் ஊரிலுள்ள ஜெர்மானியர் கட்டிய செங்கல் வீடுகளில், சாந்து உதிர்ந்த இடங்களை சிமெண்ட் வைத்து அடைத்தால் (அதாவது பாயிண்டிங் செய்தால்) சுவர் பலமாகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள், செங்கலே போய்விடும்.

அங்குள்ள பொம்மர்-கென்ட்னர் வீடு 1840-இல் கட்டியது. இன்று நாம் பயன்படுத்தும் சாதாரண சிமெண்டான போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு அமெரிக்காவில் முதல் காப்புரிமை கிடைத்ததே 1871-இல்தான். அக்காலச் சுவர்கள் கையால் அறுத்த மென்மையான செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். உள்ளே போகும் ஈரம் சாந்து வழியாகத்தான் வெளியேறும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டால் ஈரம் செங்கலில் தங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, செங்கலின் முகத்தையே பெயர்த்துவிடும். சிமெண்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நடுவே செங்கல் குழிந்திருந்தால் காரணம் இதுதான்.

கொல்லையிலுள்ள இறைச்சிப் புகையறையில் சிக்கல் இன்னும் அதிகம். உப்புக்கண்டத்தின் உப்பு பல வருஷம் சுவரில் ஊறியிருக்கும். வெள்ளையாகப் பூப்பதைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்; தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுபடி உள்ளே இறங்கும்.

செங்கல்களுக்கு இடையே சாந்து இருக்கும் இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்குப் பழைய சாந்தை உளியால் சுரண்டுங்கள். மின்சாரத்தில் சுற்றி அறுக்கும் கிரைண்டர் செங்கல் ஓரத்தைத் தின்றுவிடும். செங்கலை நனைத்துவிட்டு, குழைத்து ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு கலந்து, அடுக்கடுக்காக அழுத்தி நிரப்புங்கள். சில நாள் ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும், சீக்கிரம் காய்ந்தால் பொடிந்துவிடும். உறைபனிக் காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது.