கட்டர் வாங்கினால் சிப்ஸ் மொறுமொறுப்பாகுமா?

"கட்டர் இல்லாமல் உருளைக்கிழங்கு பொரித்தால் நமத்துத்தான் போகும்" என்று சிலர் சொல்வது சரியில்லை. கிழங்கை அழுத்திக் குச்சி குச்சியாக வெட்டும் இந்தக் கருவி தருவது ஒரே அளவு மட்டும்தான். மொறுமொறுப்பு கிழங்கிலும் எண்ணெயின் சூட்டிலும் இருக்கிறது.

கத்தியால் வெட்டுவதென்றால் முதலில் கிழங்கின் ஒரு பக்கத்தை மெல்லிசாகச் சீவி, அந்தத் தட்டையான பக்கம் பலகையில் படும்படி வையுங்கள். உருளாது, விரலும் தப்பும். 1 சென்டிமீட்டர் தடிப்பில் பலகை பலகையாக அரிந்து, இரண்டிரண்டாக அடுக்கி, அதே அளவில் குச்சிகளாக்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் 30 நிமிடம் ஊறப்போட்டு, துணியால் ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். 150–160 பாகை செல்சியஸ் சூட்டு எண்ணெயில் 5 நிமிடம் பொரித்து ஆறவிட்டு, 180–190இல் மறுபடி 2, 3 நிமிடம்.

இலங்கையில் நுவரெலியா, வெலிமடைப் பக்கம் அதிகம் விளையும் கிரனோலா என்ற கிழங்கு வகையில் மாச்சத்து குறைவு, ஈரம் அதிகம். கறிக்கு அருமை, சிப்ஸுக்கு இந்த இரண்டாம் பொரிப்பு இல்லாமல் சரிவராது. கிழங்கைப் பிரிட்ஜில் வைத்தால் மாச்சத்து சர்க்கரையாகி, உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும். அதற்குக் கட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவித்துப் பொரிப்பவர்களும் கவனிக்க: நுவரெலியா உயரமான இடம் என்பதால் அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும், கூடுதல் நேரம் விட வேண்டும்.

விசேஷத்துக்கு 5 கிலோ வெட்டுகிறவருக்குக் கட்டர் உதவும். அதுவும் பிளாஸ்டிக் கைப்பிடி வேண்டாம். பெரிய கிழங்கை முழுதாக அழுத்தினால் முறிந்துவிடும்.