சின்ன வகுப்புத்தானே, ரெண்டு நாள் நின்றால் என்ன?

போன மாதம் தங்கச்சி வீட்டுக்குப் போனபோது மருமகன் விறாந்தையில் கணக்குக் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். தரம் 3. எட்டிப் பார்த்தேன். பத்துக் கழித்தல் கணக்கு, பத்தும் பிழை. 52இல் 27 போனால் 35 என்று எழுதியிருந்தான். 41இல் 18 போனால் 37.

விளையாட்டுப் புத்தியில் செய்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் பத்தும் ஒரே மாதிரிப் பிழை. கேட்டேன். "பெரிசிலயிருந்து சின்னனைத்தானே மாமா கழிக்கலாம்" என்றான். 2இலிருந்து 7ஐ எடுக்க முடியாது, அதனால் 7இலிருந்து 2ஐ எடுத்திருக்கிறான். அவனைப் பொறுத்தவரை எல்லாம் சரி. பக்கத்திலிருக்கும் பத்திடம் கடன் வாங்கலாம் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. ரீச்சர் அதைச் சொல்லிக்கொடுத்தது அந்த வாரத் திங்களும் செவ்வாயும். கனடாவிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்ததென்று அந்த இரண்டு நாளும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் மறித்துவிட்டார்கள். ஒருநாள் நயினாதீவு, மறுநாள் கீரிமலை.

தங்கச்சியைக் குறை சொல்லி எழுதவில்லை. இது யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளில் நடப்பது. யூலை பிறந்தால் வெளிநாட்டுச் சொந்தங்கள் வரத் தொடங்கும். நல்லூர்த் திருவிழா 25 நாள். அதற்கு முன்னும் பின்னும் கலியாணவீடு, சாமத்தியவீடு, அந்தியேட்டி. தவணை லீவு இதற்கெல்லாம் ஒத்துவராவிட்டால், "சின்ன வகுப்புத்தானே, ரெண்டு நாள் நின்றால் என்ன?" என்று அம்மம்மா தொடங்க, வீடு முழுக்கத் தலையாட்டும்.

அதே வீடு, பிள்ளை தரம் 5க்கு வந்ததும் அடியோடு மாறிவிடும். புலமைப்பரிசில் பரீட்சை என்றால் கலியாணவீடு இல்லை, கோயில் இல்லை, ரிவி இல்லை. மூக்கொழுகினாலும் பள்ளிக்கூடம், விட்டு வந்தால் ரியூசன், சனி ஞாயிறு கருத்தரங்கு. பரீட்சை கிட்ட வந்துவிட்டால் ரியூசனுக்காகப் பள்ளிக்கூடத்தையே மறிக்கிற கூத்தும் உண்டு. அத்திவாரம் போடும்போது மேசனுக்கு லீவு கொடுத்துவிட்டு, பெயின்ற் அடிக்கும்போது பக்கத்தில் கதிரை போட்டுக் குந்தியிருப்பது மாதிரி.

உண்மையில் நேர்மாறாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். பெரிய வகுப்புப் பிள்ளை ஒருநாள் நின்றால் கூட்டாளியின் நோட்ஸைப் பார்த்து எழுதிப் பிடித்துவிடும். தரம் 1 பிள்ளைக்கு நோட்ஸ் ஏது? கையைப் பிடித்து எழுதுவது, பாடுவது, சேர்ந்து வாசிப்பது, அவ்வளவும் அந்த நேரத்தில் அந்தப் பாயில் இருந்தால்தான் உண்டு. ரகரமும் றகரமும் வந்த நாளில் நின்றுவிட்ட பிள்ளை, அதைத் தானாகத் தேடிப் படிக்காது. தனக்குத் தெரியாது என்பதே அதற்குத் தெரியாது. ரீச்சரும் முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவனுக்காகத் திரும்பிப் போக முடியாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் ஒரேயொரு நாள் நிற்கிற பிள்ளை, தரம் 1இலிருந்து 5 முடிவதற்குள் ஒரு முழு வகுப்பையே படிக்காமல் விட்டுவிடும். கொப்பியில் அது தெரியாது. தரம் 6இல் தெரியும்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நான் ஆண்டு 4. தென்மராட்சியில் ஒரு வீட்டுக் கோடிக்குள் இருந்தோம். பள்ளிக்கூடம் கொஞ்சநாள் இல்லை, பிறகு பின்னேரத்தில், பிறகு மரத்தடியில். அடுத்த ஏப்ரலில் ஊர் திரும்பினோம். அந்த இடைவெளிக்குள் போனது பிரித்தல் கணக்கு (இப்போது வகுத்தல் என்கிறார்கள்). அதற்குப் பிறகு மூன்று வருடம் பிரித்தல் வந்தாலே பக்கத்து மேசையைப் பார்ப்பேன். கெட்டிக்காரன் என்று பெயர் இருந்ததால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எங்களுக்கு அது யுத்தம். வேறு வழி இல்லை. இப்போதைய பிள்ளைக்கு நாங்களே அந்த ஓட்டையைப் போட்டுக்கொடுக்கிறோம்.

படிப்பு மட்டுமில்லை. மருமகன் புதன்கிழமை போனபோது அவனுடைய இடத்தில் வேறொருவன் இருந்தானாம். இடைவேளை விளையாட்டிலும் ஆள் மாற்றியாயிற்று. வியாழக்கிழமை காலை "அம்மா, வயிறு நோகுது" என்று தொடங்கியிருக்கிறான். தங்கச்சி அது பயணத்தில் சாப்பிட்ட கொத்துரொட்டி என்று நினைத்து அன்றும் மறித்துவிட்டாள். இப்படித்தான் இரண்டு நாள் மூன்றாகிறது.

சரி, காய்ச்சல் என்றால் கட்டாயம் மறியுங்கள். மாரி முடிந்து டெங்கு வருகிற காலத்தில் சுடுகிற உடம்போடு பிள்ளையை அனுப்புவது மற்றப் பிள்ளைகளுக்கும் ரீச்சருக்கும் செய்கிற அநியாயம்.

விடியவே தாய் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக, தம்பியைப் பார்க்கவென்று மூத்ததை மறிக்கிற வீடுகள் இருக்கின்றன. மாரியில் இருக்கிற ஒரே வெள்ளைச் சட்டை காயாமல் நிற்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்கு இல்லை. அங்கே அறிவுரை உதவாது. 5 வயது முதல் 14 வரை கட்டாயக் கல்வி என்று 1998இல் வந்து, 2016இல் அது 16 வயதாகியும், சட்டம் சட்டையைக் காயவைக்காது. ஈரமென்றால் கலர்ச் சட்டையோடு வரட்டும் என்று ஒரு அதிபர் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு மனம்தான் வேண்டும்.

நான் சொல்வது வசதியிருந்தும் மறிக்கிற எங்களை.

அன்று பின்னேரம் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு முறித்து, பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு தனி ஈர்க்குமாக அவன் முன்னால் வைத்தேன். ஏழு எடு என்றேன். இரண்டை எடுத்துவிட்டு முழித்தான். ஒரு கட்டை அவிழ்த்துவிட்டேன். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ரீச்சர் செவ்வாய்க்கிழமை இதையோ செய்தவ?" என்று கேட்டான்.

இனி அடுத்த புதன்கிழமை கோப்பாயில் ஒரு சொந்தத்தின் சாமத்தியவீடு. நீங்கள் காலையிலேயே போங்கள், அவனை ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நான் மோட்டர்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருகிறேன், சாப்பாடு எங்கேயும் ஓடிப்போகாது என்று சொல்லிவிட்டேன். தங்கச்சிக்குச் சம்மதம். அம்மா மட்டும் மூன்று நாளாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.